பக்கவிளைவு இல்லாத மருந்து

எனக்கு ஊசியைக் கண்டால் பயம், சார். அடுத்தவர் கையில் குத்தும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால் நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பிகளைத் தயாரித்தது மட்டும்தான் என் வேலை. போட்டவர்கள் ஆஸ்பத்திரி நர்சுகள்.

என் பெயர் ஷாலினி. வீடு மும்பை மாட்டுங்காவில், வேலை செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். வைத்தியம் படித்த டாக்டர் இல்லை. வேதியியலில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். தாராவி லேபர் கேம்பிலிருந்து நோயாளியான கணவரை அழைத்து வந்த பேராச்சிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கையெடுத்துக் கும்பிடுகிறவரைத் திருத்துவது நாகரிகமாகாது என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் யோசனை நல்ல யோசனை. கல்லீரல் புற்றுநோய் சிலருக்கு எந்த மருந்துக்கும் மசியாது. உள்ளே வரும் மருந்தைப் புற்றுச்செல்லே வெளியே தள்ளிவிடும். ஆகவே இரண்டு மருந்துகளை ஒரே நானோ துகளுக்குள் வைத்து அனுப்புகிறோம். ஒன்று, தள்ளும் வழியை அடைக்கும். மற்றது செல்லைக் கொல்லும். எலிகளுக்காகக் கொஞ்சமாகச் செய்தபோது அருமையாக வந்தது. மனிதர்களுக்காக அதிகம் செய்தபோதுதான் இரண்டும் துகளுக்குள் தங்காமல் கசிந்தன. ஆனால் அந்தத் துகள்கள், எலிகளில் பார்த்தபோது, ஒழுங்காகக் கல்லீரலைப் போய் அடைந்தன. சாயம் ஏற்றியிருந்ததால் ஸ்கேனில் கட்டி தீபாவளி போல் ஜொலித்தது.

மருந்து ஏற்றுவதில் சின்னத் தாமதம் என்று இயக்குநர் நாகராஜிடம் சொன்னேன். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நன்னா ஓடறதோல்லியோ? சரக்கை அப்பறம் ஏத்திக்கலாம்" என்றார்.

மருந்துச் சோதனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு ஊசி போடத் தேதி கொடுத்தாகிவிட்டது. கசிந்த மருந்து ரத்தத்தில் கலந்தால் ஆபத்து. ஆகவே அவர்கள் நலனை நினைத்து, மருந்தே இல்லாத துகள்களைக் குப்பியில் நிரப்பி அனுப்பினேன். இயக்குநர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லி அவர் நிம்மதியைக் கெடுப்பானேன்?

பேராச்சியின் கணவர் சுயம்பு தாராவியில் தோல்பை தைப்பவர். அதுவரை அவர் சாப்பிட்ட மாத்திரை கட்டியை ஓரளவு பிடித்து வைத்திருந்தது. ஆனால் உள்ளங்கைத் தோல் உரிந்து, ஊசியைப் பிடிக்க முடியாமல் இருந்தார். எங்கள் சோதனையில் சேர வேண்டுமானால் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினார். கை ஆறியது, பசி எடுத்தது.

"டாக்டரம்மா, ஒங்க தவாய், அந்த மருந்து வந்த பொறவுதான் இவுக சோறு கேட்டுச் சாப்பிடுதாவ. பழையபடி பை தைக்க கார்கானாவுக்கும் போவுதாவ" என்றாள் பேராச்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுயம்பு தன் கையால் தைத்த பை ஒன்றை எனக்குக் கொடுத்தார். தையல் நேர்த்தியாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

ஒருவருக்கும் வாந்தி இல்லை, முடி கொட்டவில்லை. பக்கவிளைவே இல்லாத புற்றுநோய் மருந்து என்று மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சுயம்பு மழைக்காலம் முடிவதற்குள் இறந்தார். துக்கம் கேட்கப் போனேன். பேராச்சி என் கையை விடவில்லை.

"முன்னாடியே ஒங்ககிட்ட கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாவளா?"

"பொழைச்சிருப்பார்மா" என்றேன். துக்கவீட்டில் வேறென்ன சொல்வது?

அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள். சுயம்புவுக்குப் புற்று வரக் காரணமான அதே கல்லீரல் கிருமி அவர் தம்பி அய்யாத்துரைக்கும் இருந்தது. ஸ்கேனில் ஒரு சிறு கட்டி தெரிந்ததுமே என்னிடம் அழைத்து வந்துவிட்டாள். வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

"கத்தி வைக்கணும்னு சொல்லுதாங்க. பயமா கெடக்கு டாக்டரம்மா" என்றார் அய்யாத்துரை. பிள்ளைகள் சின்னவர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கும் ஆரம்பக்கட்ட நோயாளி ஒருவர் தேவைப்பட்டார். வந்தவர்கள் எல்லாரும் முற்றிய பிறகே வந்ததால் மருந்தின் அருமை தெரியாமல் போகிறது என்று நாகராஜ் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கத்திக்கு என்ன அவசரம்? கொஞ்ச நாள் இதைப் பார்ப்போம்" என்றேன்.

அறுவைக்கு மறுத்தவர் என்று சொல்லி அவருக்குத் தனி அனுமதி வாங்கினேன். அது பொய்யில்லை, சார். என்னோடு பேசிய பிறகு மறுத்தார்.

என்னுடன் வேலை பார்க்கும் சைனப்தான் மீந்த குப்பி ஒன்றைச் சோதித்தவள். அறைக்குள் வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இதுல மருந்தே இல்லையே ஷாலினி. என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"மெதுவாப் பேசு. வெளில பேஷன்ட் உக்காந்திருக்கா" என்றேன். அவள் மெதுவாகப் பேசவில்லை. அதனால்தான் இங்கே விசாரணைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

அய்யாத்துரையின் கட்டி இப்போது ரத்தக்குழாய்க்குள் வளர்ந்துவிட்டதாம். இனி வெட்ட முடியாது என்கிறார் சர்ஜன். பேராச்சி நேற்று ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் நின்று கத்தினாளாம். வருத்தமாகத்தான் இருக்கிறது, அன்பாகப் பழகியவள்.

ஆமாம், சுயம்புவுக்குப் போனதும் வெறும் துகள். அய்யாத்துரைக்குப் போனதும் அதேதான். தெரிந்தேதான் அனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், சார். என் மருந்தால் எந்த நோயாளிக்கும் இன்றுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை.