கண் திறந்த பதினோரு பேர்

மதியத் தூக்கத்துக்கு நான் எதிரி இல்லை. தொழிற்சங்கத்துக்காரரே, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சைகோன் கிளையில் பன்னிரண்டுக்குச் சோறு, பன்னிரண்டரைக்கு விளக்கணைப்பு, ஒன்றரை வரை மேசைக்கடியில் பாய். காப்பீடு விற்கிற பதினோரு பேரும் அப்படித்தான் தூங்குவார்கள். எனக்குப் பொறுக்காதது அவர்கள் தூங்குகிற லட்சணம்.

அலுவலக ஒழுங்கை வளர்க்கும் பொறுப்பு மார்ச்சில் என்னிடம் வந்தது. முதல் வாரம், தூங்கும்போதும் செருப்பைக் கழற்றக் கூடாது என்றேன். அடுத்து பாயைப் பறித்து, நாற்காலியில் நிமிர்ந்து தூங்கப் பழக்கினேன். பிறகு டை.

"குவே அக்கா, டை கட்டிட்டுத் தூங்குனா கனவுலயும் ஆபீஸ்தான் வருது" என்றான் தொவாய், எங்களில் பெரிய குறட்டைக்காரன்.

பயிற்சி பலிக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

கடைசியாக, வெளிச்சம் படாமல் தூங்கக் கட்டிக்கொள்கிற துணிக் கண்மூடிகள். அவரவர் அடையாள அட்டைப் படத்திலிருந்து அவரவர் கண்களையே பெரிதாக்கி அவற்றின் மேல் ஒட்டினேன். சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகத்து பாக் ஐயா ஹனோயிலிருந்து வருவதாக இருந்தது இரண்டு மணிக்கு. அதைப் பன்னிரண்டே முக்காலாக மாற்றியது நான்தான். இரண்டு மணிக்கு எல்லோரும் விழித்திருப்பார்கள். விழித்திருந்தால் பேசுவார்கள். பதினோரு பேரில் ஒருத்தியான லூ, தன் தங்கை போடுகிற புளித்த பன்றியிறைச்சியை அவரிடமே விற்கப் பார்ப்பாள்.

அரை வெளிச்சத்தில் நாற்பது நிமிடம் பேசினார். தொவாய் குறட்டை விட்டான். ஆமோதிக்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒருத்தர்கூட போன எடுக்கலியேம்மா. இப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்ச்சதே இல்ல" என்று என் காதோடு சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்தார். மதிய ஓய்வை அடியோடு நிறுத்தும் உத்தரவு. அது வரும் என்று எனக்குப் போன வாரமே தெரியும்.

"யாருக்காவது மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

பத்து எண்ணும் நேரம் காத்திருந்தார். இருபத்திரண்டு கண்களும் இமைக்காமல் அவரையே பார்த்தன. 'ஒருமனதாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லூவுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. ராத்திரியில் பொட்டுத் தூக்கம் கிடையாது. அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு உயிர். அதுவும் எனக்குத் தெரியும். அவர் காத்திருந்த நேரத்தில் என் தொண்டை கரகரத்தது. தினமும் ஒன்றரைக்கு அவர்களை எழுப்புவது என் இருமல்தான்; ஒரே ஒரு இருமல் போதும், பதினோரு பேரும் விழித்துக்கொள்வார்கள்.

அடக்கிக்கொண்டேன். மேலதிகாரி பதிலுக்குக் காத்திருக்கும்போது இருமுவது ஒழுங்கில்லை.