மாலைக்காக அணைத்த உலை

தண்டலம் கூட்டுச்சாலையின் புழுதியையே அரங்கமாக்கி, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் அண்ணன் அப்பாவு அவர்களே! பிள்ளைப்பாக்கத்திலிருந்து வெயிலை மிதித்து வந்திருக்கும் பெரியோர்களே! பர்ஸ்ட் ஷிப்ட் முடித்து, பசியோடு நிற்கும் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் நடுவே கண் இமைக்காமல் என்னையே பார்க்கும் முனியம்மாள் அம்மா அவர்களே! எதிரே டீக்கடையில் நின்று என்னைப் படம் பிடிக்கும் நிர்வாகத்தின் நண்பர்களே! உங்களுக்கும் வணக்கம். முகம் தெளிவாக விழும்படி பிடியுங்கள். என் பெயர் கங்கா. எஃகு பதப்படுத்தும் நம் கம்பெனியில், பதம் சரியா என்று சோதிப்பவள்.

முனியம்மாள் அம்மாவின் மகன் ரஞ்சித்தின் வலக்கையை நசுக்கியது எது? சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின், ஓர் எஃகு ஆணி. நம் கம்பெனியிலிருந்து அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போன பின். பாரம் தாங்க வேண்டிய அது இரண்டாக முறிந்து, பாரம் அவர் கைமேல் விழுந்தது. அதைச் சுட்ட உலையின் ஆபரேட்டர் திருமலை அண்ணன்தான் குற்றவாளி என்கிறார்கள். பதம் போட மறந்தாராம்! பத்தொன்பது வருடம் மறக்காதவர், அன்றைக்கு மட்டும் மறந்தாராம்! நாளை விசாரணை. நாளை மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

எஃகு எப்படிப் பதமாகிறது? எண்ணூற்றைம்பது டிகிரியில் அது உருகுவதில்லை. செக்கச் சிவந்து நிற்கிறது. ஆனால் உள்ளே அணுக்களின் அடுக்கே மாறிவிடுகிறது. கார்பன் கரைந்து அந்த அடுக்குக்குள் புகுந்துகொள்கிறது. மெல்ல ஆறவிட்டால், கார்பன் விலகிப் பிரிய நேரம் கிடைக்கும், எஃகு மென்மையாகிவிடும். நாங்கள் ஆறவிடுவதில்லை. அள்ளி எண்ணெயில் இறக்குகிறோம். விலக நேரமின்றி கார்பன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அடுக்கு முறுக்கி விறைத்துப்போகிறது. அதன் பெயர் மார்ட்டென்சைட்.

என்ன அண்ணே? “இன்னாம்மா, கிளாஸ் எடுக்கிறியா?” என்கிறீர்களா? ஆமாம் அண்ணே, எடுக்கிறேன். இந்தப் பாடம் தெரியாததால்தான் ஒரு மனிதனின் தலையில் பழியைப் போட முடிகிறது!

விறைத்த அந்த எஃகு கெட்டியானது; ஆனால் உறுதியானதல்ல. ஓங்கி அடித்தால் கண்ணாடியைப் போல உடைந்துவிடும். அதனால்தான் எண்ணெயிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டாவது உலையில் வைத்து, நானூறு டிகிரியில் மறுபடி சுடுகிறோம். சிக்கிய கார்பன் கொஞ்சம் விடுபடும். உள்ளிருக்கும் இறுக்கம் தளரும். அடி தாங்கும் வலிமை வரும். அதற்குப் பெயர் டெம்பரிங்; நாம் ‘பதம் போடுவது’ என்கிறோமே, அதுதான்.

அந்த இரண்டாவது உலைக்கு அன்று என்ன ஆனது? ஆயுத பூஜை வந்தது! மேலிடத்து முதலாளிகள் வந்து சந்தனம் பூசிப் படம் எடுக்க வேண்டும். சூட்டில் சாமந்தி மாலை கருகிப்போகுமாம். காலையிலேயே உலையை அணைக்கச் சொன்னார் மேனேஜர். முதல் உலையிலோ இருநூற்று நாற்பது பின்கள் சிவந்து கிடந்தன. அவை எண்ணெயில் இறங்கி வெளியே வந்தபோது, அடுத்த உலை மாலையும் குங்குமமுமாகக் குளிர்ந்து நின்றது.

திருமலை அண்ணன் கெஞ்சினார். “சார், இத்த இப்டியே வுட்டா வெடிச்சிடும் சார். மாலைய கயட்டிட்டு ஒலைய போட்டுக்கறேன்.”

“பூஜ நேரத்துல வெடிக்கும் கிடிக்கும்னு பேசாத. லீவு முடிஞ்சி பாத்துக்கலாம்” என்றார் மேனேஜர்.

லீவு முடிந்தது. வாசலில் லாரி நின்றது. உலை சூடேறும் வரை லாரி காத்திருக்கவில்லை. பின்கள் அப்படியே ஏறிவிட்டன. ஏற்றுவதற்கு முன் ஒருவர் சோதித்தார். கெட்டித்தன்மை காட்டும் மெஷினின் முள் ஐம்பத்தேழில் நின்றது. பதம் போட்ட பின்னாக இருந்தால் முள் ஐம்பதைத் தாண்டாது. “நாற்பத்தொன்பதுன்னு எழுதும்மா, லாரி நிக்குது” என்றார் மேனேஜர். அந்தக் கை எழுதியது. கையெழுத்தும் போட்டது.

யார் அந்த ஆள் என்று கத்துகிறீர்களே தோழர்களே... நான்தான்.

கத்துங்கள். நான் நிற்கிறேன்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று திருமலை அண்ணனிடம் போய்க் கேட்டேன். “நீ கைக்கொயந்தய வச்சிகினு கீறவ. உன் பேர சொன்னா மொதல்ல உன்னத்தான் தூக்குவானுங்க. வுடு” என்றார். விடச் சொன்னார்! ஒரு மாதமாக விட்டுவிட்டுத்தான் இருந்தேன். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

நாளை காலை பத்து மணி விசாரணையில் நான் எழுதிய பொய்யை நானே சொல்லப் போகிறேன். ஆனால் ஒருத்தி சொன்னால் பொய்க்காரி என்பார்கள். அதில் பாதி உண்மையும்கூட! அன்று குளிர்ந்த அந்த உலைக்கு முன்னால் நின்று, என்னோடு பொரியும் கடலையும் வாங்கித் தின்ற பதினொரு பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். யார் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். மாலையைப் பார்த்த கண்கள் நாளை வருமா? பொரி தின்ற வாய்கள் நாளை திறக்குமா? நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த விசாரணை வாசலில் நான் நிற்பேன்.

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. ஏசியபடியே என்னை முழுதாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. முனியம்மாள் அம்மாவுக்கு நன்றி சொல்லும் அருகதை எனக்கில்லை. உங்கள் மகன் இனி இரு கையும் கூப்பி யாரையும் கும்பிட முடியாது. அவர் கையை எடுத்த இந்தக் கையோடு, உங்களைக் கும்பிட்டு இறங்குகிறேன் அம்மா.