மடை காக்க ஒரு பைனாகுலர்

காஞ்சிபுரத்தில் தாமல் கிராமத்துக்குப் போகும் பஸ் கிளம்பாமல் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்தவர் ஜெர்மன் ஒன்று, ஜப்பான் ஒன்று என இரண்டு சின்ன பைனாகுலர்களை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார். பிடிக்காததை மறுநாள் கடையில் திருப்பித் தர வேண்டுமாம்.

“கழனிக்கு இது எதுக்குபா?” என்றார் மற்றவர்.

“தண்ணி பாய்ச்ச என் முறை வர்ற அன்னிக்கு எவனோ மடைய அடைச்சி, தண்ணிய திருப்பிக்கினு போறான். பயிர் காயுது. நான் ஓடிப் போறதுக்குள்ள ஆள் இல்ல.”

மற்றவர் இரண்டையும் வாங்கி, ஜன்னல் வழியே தெரிந்த கோயில் கோபுரத்தைப் பார்த்தார்.

“ஜெர்மன்ல பொம்மையோட மூக்குகூட தெரியுது. ஜப்பான்ல பொம்மை நிக்கிறது மட்டும்தான் தெரியுது. இதுல யோசிக்க இன்னா இருக்குது?”

ஜன்னலோரக்காரர் இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“உன் பொண்டாட்டி தம்பி கழனியும் அந்த மடை பக்கம்தான இருக்குது?” என்றார் மற்றவர்.

ஜன்னலோரக்காரர் ஜெர்மன் பைனாகுலரை உறையில் போட்டு மூடினார்.

“ஜப்பானே போதும்பா. ஆள் நிக்கிறது தெரிஞ்சா சத்தம் போட்டு துரத்திடுவேன். மூஞ்சி தெரிஞ்சா பஞ்சாயத்து வெக்கணும். அப்புறம் வீட்ல எனக்கு யாரு சோறு போடுவா?”