புல்லை மிதித்து நடந்தவர்கள்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில், முன் சீட்டில் ஒருவர் தன் தங்கையிடம் சொன்னார்: "சைனாவ நெனச்சா எனக்குப் புல்லுதாம்மா ஞாபகம் வருது."

"புல்லாண்ணா?"

"நாங்க குடியிருந்த இடத்துல எல்லாம் முப்பது மாடிக் கட்டடம். நடுவுல தோட்டம். தோட்டத்துக்குப் படம் போடறதுதான என் வேல, அதையும் நான்தான் வரைஞ்சி குடுத்தேன். பாதைய அழகா வளைச்சி வளைச்சிப் போட்டேன். ஜனங்க புல்ல மிதிச்சிக்கினு நேரா பஸ்ஸுக்குப் போனாங்க."

"திட்டினியா?"

"ஆபீஸ்ல வேலி போடச் சொன்னாங்க. கீழ்வீட்டுல முட்டிவலியோட ஒரு அம்மா இருந்துச்சு. அதுவும் அந்த வழியாத்தான் போவும். மனசு வரல. அவங்க நடந்த தடத்துலயே கல்லு பதிச்சிட்டேன்."

"ஆபீஸ்ல விட்டாங்களா?"

"சத்தம் போட்டாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. நான் ஊருக்குக் கெளம்பின அன்னிக்கி, அந்தம்மா என் பெட்டியத் தானே தள்ளிக்கினு வாசல் கேட்டு வரைக்கும் வந்துச்சும்மா."