மஞ்சள் கோடு

இந்த அறைக்கு இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கதவில் 'ஈரம், தொடாதீர்கள்' என்று ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் உள்ளே வந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தீர்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. ஜீப் எரிந்ததை விசாரித்து நீங்கள் எழுதிய அறிக்கையில் 'பொருத்தியவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கிறது. பொருத்தியவன் நான். இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்குக் கேஸ் பொருத்துகிறேன். என்னைப் பற்றி வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள்.

ஜீப்பைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பட்டறை எனக்கும் என் தங்கையின் கணவனுக்கும் பொது. ஜீப்பும் அப்படித்தான். பழைய பெட்ரோல் வண்டி. சமதரையில் சமர்த்தாக ஓடும். செங்குத்தான மேட்டில் ஏற்றினால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி வழியில் என்ஜின் படுத்துவிடும். அதனால் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தோம். புரொப்பேன் கேஸில் ஓடவைத்தால் அந்தத் தொல்லை கிடையாது. வண்டி எப்படிச் சாய்ந்தாலும் கேஸ் அதுபாட்டுக்கு வரும். மலைகளில் மீட்பு வேலை செய்யும் துறையிடம் இதே மாதிரி ஜீப்புகள் நாற்பது இருந்தன. எருமை தேறிவிட்டால் நாற்பதும் எங்களிடம் வரும்.

இரண்டு வருடம் உழைத்தோம். முதல் தடவை ஓட்டியபோது, கேஸை ஆவியாக்கும் பெட்டியின் மேல் வெள்ளையாகப் பனி படிந்துவிட்டது. அவன் அதைச் சுரண்டி என் பிடரியில் வைத்துவிட்டு, "மச்சான், பேசாம ஐஸ் வித்துப் பொழைச்சுக்கலாம்" என்றான். ரேடியேட்டரின் வெந்நீரை அந்தப் பெட்டிக்குத் திருப்பிவிட்டுச் சரிசெய்தோம். நல்ல நாட்கள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. நட்டை நான் இறுக்குவேன். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் நட்டையும் குழாயையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடுவேன். பிறகு நட்டு மயிரிழை அசைந்தாலும் கோடு முறிந்து காட்டிவிடும். கோடு விழுந்த நட்டை மற்றவர் தொடக்கூடாது. தொட்டால் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம். எல்லாம் முடிந்த பிறகு அவன் வண்டிக்குள் தலையை நுழைத்து முகர்ந்து பார்ப்பான். என் கை, அவன் மூக்கு. எனக்கு வாசனை தெரியாது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் என் உரிமம் போய்விடும்.

தங்கைக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அவள் வீட்டில் ஒரு தம்ளர் பாலை முழுக்கக் குடித்தேன். அவள் வெறும் தம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். பால் அடிப்பிடித்திருந்தது போலிருக்கிறது. அவள் மனம் நோகக்கூடாதென்று குடித்தேன் என்று நினைத்திருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

எருமை முதல் சோதனையில் தேறியது. கூடவே துறையிடமிருந்து கடிதம் வந்தது. அனுமதி அவன் பெயருக்கு மட்டும். நான் வாசனை உணர்வு இல்லாதவனாம், எரிவாயு வேலைக்குத் தகுதியற்றவனாம். ஜீப்பின் பானெட்டில் சாய்ந்துகொண்டு அதை இரண்டு தடவை படித்தேன்.

"மச்சான், கடுதாசி அவங்க எழுதினது. பட்டறை நம்மளது. நீங்க எப்பவும்போல வேலையைப் பாருங்க, கையெழுத்து மட்டும் நான் போடறேன்" என்றான்.

"யாரு மாப்ளே அவங்ககிட்ட சொன்னது?"

அவன் தரையைப் பார்த்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தான். "விடுங்க மச்சான். யாரு சொன்னா என்ன" என்றான்.

சொல்லாதவன் 'நான் சொல்லவில்லை' என்பான். அது ஒரு வார்த்தை. அதுகூட அவன் வாயில் வரவில்லை. எனக்கு வலித்தது. என் தங்கையைக் கொடுத்தேன், பட்டறையில் பாதியைக் கொடுத்தேன், யாருக்கும் சொல்லாததை அவனை நம்பிச் சொன்னேன். கூடவே இருந்து குழி பறித்துவிட்டான். பட்டறை வாசலில் அவன் பெயர்ப் பலகை ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

நான் சண்டை போடவில்லை. எனக்கு அது வராது. துறை ஆட்களுக்குக் கல்குவாரியில் ஜீப்பை ஏற்றிக் காட்டவேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினேன். மொத்தம் பதினொரு நட்டு. பத்தை வழக்கம்போல இறுக்கினேன். ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் இருந்த பதினொன்றாவதைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழ் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக வந்தது. துடைத்துவிட்டு மஞ்சள் கோடு போட்டேன். கோடு நேராகவே விழுந்தது. நீங்கள் கவனக்குறைவு என்கிறீர்கள். என் ஆயுளில் வேறு எந்த நட்டையும் நான் இவ்வளவு கவனமாகப் பூட்டியதில்லை.

அவனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவனுக்கு மூக்கு இருந்தது. முகர்ந்தால் தெரிந்துவிடும், இறங்கிவிடுவான். எந்த மூக்கு எனக்கு இல்லை என்று காட்டிக்கொடுத்தானோ அந்த மூக்குக்கு ஒரு பரீட்சை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தும்மியபடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சளி புடிச்சு மூக்கு சுத்தமா அடைச்சிருச்சு மச்சான். இன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒரே ஜாதி" என்று சிரித்தான். பிறகு டார்ச் அடித்து இருக்கைக்கு அடியில் பார்த்தான். "கோடு இருக்கு. அது போதும்."

அவன் அந்த நட்டைத் தொடவில்லை. சேர்ந்து வேலை செய்த பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. குளிராக இருக்கிறது என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டான். கதவைச் சாத்தியது நான். "பாத்துப் போ மாப்ளே" என்றேன்.

கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி வண்டியின் தரையில் தேங்கி நிற்கும். குவாரியில் துறை ஆட்களுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பியிருக்கிறான். மற்றது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது.

இரண்டு நாள் உயிரோடு இருந்தான். உங்களிடம் அவன் சொன்னதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'சளி. நான் பாக்காம விட்டுட்டேன். மச்சான் போட்ட கோடு தப்பாகாது.' அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. சாகிற நேரத்திலும் நல்லவன் வேஷமா என்று நினைத்தேன்.

நேற்று மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனக்கு வாசனை தெரியாதுன்னு ஜீப்பைப் பாக்க வந்த ஆபீசர்கிட்ட சொன்னது நான்தான். அன்னைக்குப் பாலைக் குடிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நீ பட்டறையோட எரிஞ்சுபோயிருவேன்னு பயந்தேன். அவருக்கு அப்புறம்தான் தெரியும். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனப்பகூட என்னைக் காட்டிக்கொடுக்கல. 'எம்மேலயே கோவப்பட்டுட்டுப் போகட்டும், நீ அண்ணன் இல்லாம இருக்கமாட்டே'ன்னாரு."

நான் சத்தம் போடவில்லை. இதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அவன் இன்று இருந்திருப்பான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒரு பாவமும் அறியாதவன் போய்ச் சேர்ந்தான். நினைத்துப் பாருங்கள், கூடப் பிறந்தவள். நான் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவள்.

"அடுப்புக் குழாய் ரொம்பப் பழசாயிருச்சும்மா. காலையில வந்து மாத்தித் தரேன்" என்றேன்.

"இனிமே எனக்கு நீ ஒருத்தன்தான்ண்ணா" என்றாள்.

இன்று காலையில் மாற்றிக் கொடுத்துவிட்டு அங்கிருந்து நேராக இங்கே வருகிறேன். கோடும் போட்டிருக்கிறேன். நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பயப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். கசிந்தால் தெரிந்துவிடும். மூன்று வாரமாக அழுதுகொண்டே இருக்கிறாள், பேச்செல்லாம் மூக்கடைத்துத்தான் வருகிறது, அதையும் நான் கவனிக்காமல் இல்லை.

எழுந்துவிட்டீர்கள். போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன். அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் போங்கள்.