பின்னால் ஒரு விமானம்

பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கையெழுத்து சுமார்தான். நான் எட்டு என்று எழுதினால் அது ஆங்கில 'பி' மாதிரி இருக்கும் என்று என் மனைவிகூடக் கேலி செய்வாள். சிரிக்காதீர்கள் ஐயா. இதெல்லாம் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டீர்கள். அங்கிருந்துதான்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் மின்னணுக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். மூன்று சின்ன விமானங்கள், ஒரு ஓடுபாதை, தகரக்கூரை போட்ட கொட்டகை, அதன் மூலையில் என் மேசை. தலைமைப் பயிற்சியாளர் என் அக்காவின் கணவர். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்றவர்கள் சொன்னபோது தடுத்ததும் இல்லை.

போன வருஷம் இரண்டாம் எண் விமானத்தைப் பற்றி ஒரு புகார் வந்தது. விமானிக்கு முன்னால் உள்ள திரையில் அக்கம்பக்கத்து விமானங்கள் சின்ன அம்புகளாகத் தெரியும். ஏதாவது ஒன்று மிகவும் நெருங்கினால் அம்பு சிவப்பாகும், காதில் ஒரு பெண்குரல் எச்சரிக்கும். இந்த விமானத்திலோ, ஆளே இல்லாத வானத்திலும் ஒரு சிவப்பு அம்பு வந்து நின்றது. அதே உயரம். கொஞ்சம் பின்னால். இவர்கள் திரும்பினால் அதுவும் திரும்பியது. இறங்கினால் அதுவும் இறங்கியது.

அப்போது பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. பல்லைப் பிடுங்கிப் பழகிய கை, லேசில் நடுங்காது. அவரே முதல் தடவை முகம் வெளுத்து இறங்கி வந்தார்.

"முதுகுக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடுற மாதிரியே இருக்குங்க. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல."

அத்தான் சிரித்தார். "நமக்கு வாலு மொளச்சிடுச்சு டாக்டர்," என்றார். அன்றிலிருந்து அதற்கு வால் என்றே பேர்.

அந்த வாலோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். வயிற்றுப்பக்க ஆன்டெனாவை மாற்றினேன். கேபிளை முழுக்க உருவி, பித்தான் அளவு இணைப்புகளைக்கூடக் கழற்றித் துடைத்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து நானும் இரண்டு தடவை பறந்து பார்த்தேன். வால் போகவில்லை. கடைசியில் அத்தான் வெளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். எங்கே போனாலும் அலுமினியப் பெட்டியோடு வருவார் என்பதால் அவரைப் பெட்டிக்காரர் என்போம். அவர் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு விமானமும் தன் குறியீட்டைச் சொல்லி, தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே பறக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட குறியீடு. 'இது நம்முடையது, இதைக் காட்டாதே' என்று திரைக்குச் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லிவைத்ததில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பி இருந்தது. என் குறிப்பை நானே தப்பாகப் படித்திருக்கிறேன். விமானம் தன்னையே வேறு ஒருவன் என்று நினைத்து மிரண்டிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"மாப்ள மூணு வாரமா ஆன்டெனாவக் கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி வேர்த்துப் போயிட்டான்," என்றார் அத்தான். "வந்தவன் ஒத்த எழுத்த மாத்திட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டான். ஒத்த எழுத்து."

அக்கா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அந்த எட்டை மறுபடி பி ஆக்கினேன். நிஜமாகவே அந்த ஒரு எழுத்துதான் காரணமா என்று சோதித்துப் பார்க்க நினைத்தேன். நல்ல தொழில்காரன் அப்படித்தான் செய்வான். வால் உடனே வந்துவிட்டது. பெட்டிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வந்து சேர்வதற்குள் நான் எட்டைப் போட்டுவிட்டேன். அவர் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் போன மறுநாள் பி.

இப்படி நாலு தடவை வந்தார் மனிதர். நாலாவது தடவை பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அத்தான் அவரைக் கூப்பிடவில்லை. என் மேசைக்கு வந்து தோளில் கைவைத்தார்.

"அந்தாள நம்புனது வேஸ்ட்டு. நீயே பாரு மாப்ள. உனக்குத்தான் இந்த வண்டி புரியும்."

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்த முடியாது. பெட்டிக்காரர் போன கையோடு வாலும் போனால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வாரம் நாலு நாள் வந்ததை மூன்றாக்கினேன், பிறகு இரண்டு. சரியாகிக்கொண்டு வருகிறது என்று அத்தான் எல்லாரிடமும் சொன்னார். ஆபத்து எதுவும் வரக்கூடாது என்பதில் நான் கவனமாகவே இருந்தேன். பி இருந்த நாட்களிலும் நிஜமான விமானங்கள் திரையில் தெரியத்தான் செய்தன. நான் எதையும் மறைக்கவில்லை. கூடுதலாக ஒன்றைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அவர்களுக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் பின்சீட்டில் இருந்தபோது பார்த்தேன். எச்சரிக்கைக் குரல் வந்ததும் டாக்டர் திரையைப் பார்க்காமலே, "வந்துட்டாரு உங்க வாலு," என்றார். அத்தான் கையை நீட்டி ஒலியை அமர்த்தினார். இரண்டு பேர் தலையும் திரும்பவில்லை. டாக்டருக்குப் பயம் விட்டுப்போனது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய மாலை எட்டைப் போட்டேன். இனிமேல் மாற்றுவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன். எனக்கும் சலித்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் டாக்டரும் அத்தானும் தரையிறங்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. எங்களுடையது சின்ன இடம், கட்டுப்பாட்டுக் கோபுரமெல்லாம் கிடையாது. என் மேசையில் சோதனைக்காக ஒரு திரை வைத்திருப்பேன். பக்கத்தில் பேசுவதற்கு ரேடியோ. திரையில் அவர்களுடைய அம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வயல்களுக்கு மருந்து தெளித்துவிட்டுத் திரும்பும் விமானம், வேறு அலைவரிசையில் பேசுகிறவர். இவர்களைவிட வேகமாக, இவர்களுடைய உயரத்திலேயே வந்துகொண்டிருந்தார். சூரியன் அவருக்கு எதிரில்.

ரேடியோவில் அத்தான் குரல் வந்தது.

"மாப்ள, உன் வாலு திரும்ப வந்துடுச்சு. இன்னிக்கு ரொம்பத்தான் கத்துது. இது அதுதானே?"

நான் மேசையில் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன் என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது பொய். மேசையில்தான் இருந்தேன். ரேடியோ என் கையில் இருந்தது. திரையில் இரண்டு அம்புக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

திரும்புங்கள், இது நிஜம் என்று சொல்ல இரண்டு விநாடி போதும். ஆனால் இறங்கி வந்ததும் அவர் கேட்பார். இது நிஜம் என்று உனக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரிந்தது? மற்றதெல்லாம் பொய் என்றும் தெரியுமா? அவர் முட்டாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அக்கா, உறவுக்காரர்கள், ஒத்த எழுத்து. இடைவெளி அரை விரல் ஆனது. எப்படியும் திரும்பிப் பார்ப்பார், இருபது வருஷ விமானி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொத்தானை அழுத்தினேன்.

"அதேதான் அத்தான். குறிச்சுக்கறேன்."

"சரி," என்றார்.

குறித்தும் வைத்தேன். மணி பத்து பன்னிரண்டு, வால், மறுபடியும். எழுதி முடித்து நிமிர்ந்தபோது திரையில் இரண்டு அம்பும் ஒன்றாகியிருந்தன. பிறகு ஒன்றுகூட இல்லை. சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது, தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல. மூன்று பேர். மருந்து தெளித்தவரை நான் பார்த்ததில்லை. செய்தித்தாளில் படம் போட்டிருந்தார்கள், குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்.

பத்து நாள் கழித்து அக்கா கேட்டாள். அத்தானின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, அந்தத் தெரையில ஏதாவது கோளாறா?"

"இல்லக்கா. அன்னிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப அவருதான் பாக்கலயா?"

"ஆமாக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஐயா.

மனசாட்சி உறுத்தித்தான் நானாக வந்தேன் என்று நினைப்பீர்கள். உங்கள் அறிக்கையின் நகல் நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. 'விபத்துக்குக் காரணம் கருவிப் பழுது' என்று அதில் இருக்கிறது. தப்பு. முந்தைய மாலை நானே சரிசெய்து இரண்டு தடவை சோதித்துப் பார்த்த கருவி அது. இருந்த விமானத்தை, இருந்த இடத்தில், இருந்த உயரத்தில் காட்டியது. என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள். என் வேலையில் குறை இருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.