கேள்வி கேட்கிற வேலை

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, காலமெல்லாம் ஸ்டுடியோ டீயைக் குடித்த உடம்பு, எதையும் தாங்கும்.

உங்கள் அம்மா எங்கள் நிகழ்ச்சியை விடாமல் பார்ப்பார் என்று வரும்போதே சொன்னீர்கள். சந்தோஷம். ‘மேலே பாருங்கள்’ ஆரம்பித்தபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதிப் பேர் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே பார்ப்பார்கள். அத்தான் நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்வார். நான் பக்கத்தில் நின்று, “அப்படியா?” என்று கேட்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். கடைத்தெருவில் இறங்கினால் சின்னப் பிள்ளைகள் “அப்படியா மாமா” என்று கூப்பிடும். எனக்கு என்று ஒரு பெயர் இருப்பதை என் அக்காவே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

அக்காவைக் கட்டியவர்தான் அத்தான். கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். தொலைக்காட்சிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டபோது, கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் அப்போது அவர் வீட்டு மாடி அறையில் வேலை வெட்டி இல்லாமல் இருந்தேன். “மாப்ள, உன் மூஞ்சியப் பாத்தா எதுவும் தெரியாதவன் மாதிரியே இருக்கு. நீயே வா” என்று அழைத்துப் போனார். வானம் பார்த்த பிழைப்பு என்று ஊரில் என்னைக் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். வேலை என்றால் வேலைதானே.

சுலபமான வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். எதையாவது தெரிந்துகொண்டால் அது முகத்தில் தெரிந்துவிடும். அதனால் நான் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. அத்தான் ஒத்திகை பார்த்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். சனிக்கு வளையம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டு, ஒவ்வொரு வருடமும் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். டைரக்டர்கள் மாறினார்கள், கேமராக்கள் மாறின, தெர்மாகோல் நிலா போய்க் கம்ப்யூட்டர் நிலா வந்தது. என் ஆச்சரியம் மட்டும் பழுது பார்க்காமல் ஓடியது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்களும் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குபவர், உங்களுக்குப் புரியும்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெண். வானியலில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள், நிகழ்ச்சிக்கு உதவியாக அத்தான் அழைத்து வந்தவள். முதல் நாள் ஸ்டுடியோவுக்கு வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். “அங்கிள், நான் ஸ்கூல் படிக்கறப்பலேருந்து உங்களப் பாக்கறேன். நீங்க வாயத் தொறக்கறதப் பாத்துட்டு நானும் தொறப்பேன்” என்றாள். அவளை எனக்குப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அது ஒன்றுதான். அத்தான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். அத்தானும் சிரித்துச் சிரித்துப் பேசினார். என்னோடு பேசும்போது அவர் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னார்.

“மாப்ள, கிரகணத்த நேரலையா காட்டறோம்ல, அதோட நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு. அப்புறம் அந்தப் பொண்ணு பாத்துக்கும்.”

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. “அவன் என்னங்க பண்ணுவான்?” என்று கேட்டாள்.

“என்ன பண்ணுவான்னா? இத்தன நாளா என்ன பண்ணான்?” என்றார். அத்தான் கெட்டவர் இல்லை. அவர் யாரிடமும் அப்படித்தான் பேசுவார். பிறகு என் தோளைத் தட்டி, “இப்பல்லாம் சந்தேகம் வந்தா ஜனங்க போன்லயே பாத்துக்கறாங்க மாப்ள. நமக்காகக் கேக்கறதுக்கு ஒரு ஆள் எதுக்கு?” என்றார்.

“சரி அத்தான்” என்றேன். கோபமே வரவில்லை. மோர் கேட்டு வாங்கிக் குடித்தேன், அக்காவைக் கேட்டால் சொல்வாள். எனக்குக் கவலை நிகழ்ச்சியைப் பற்றித்தான். எல்லாம் தெரிந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு அங்கே என்ன வேலை? உங்கள் அம்மா கைவேலையைப் பார்க்க எழுந்து போய்விடுவார். அதை யாராவது தடுக்க வேண்டும் இல்லையா.

எதையும் தெரிந்துகொள்ளவில்லை என்று சொன்னேன். ஒன்றைத் தவிர. சூரியனைக் காட்டுகிற நிகழ்ச்சி வரும்போதெல்லாம் அத்தான் தொலைநோக்கியின் முன்னால் ஒரு வட்டமான மூடியை மாட்டுவார். வெள்ளிக் காகிதம் போலப் பளபளக்கும். கேமராவைப் பார்த்து, “இந்தத் தகடு இல்லாம இதுக்குள்ள பாத்தா கண் போயிடும். வலிக்காது. ஆனா போயிடும். அப்புறம் எந்த டாக்டராலயும் திருப்பித் தர முடியாது” என்பார். நானும் வழக்கப்படி கேட்பேன். எத்தனையோ முறை கேட்டதில் அது மட்டும் எப்படியோ மண்டையில் தங்கிவிட்டது. இதற்கு அத்தானைத்தான் பாராட்ட வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தால் மரமண்டைக்கும் ஏறும்.

கிரகணத்தன்று ஸ்டுடியோ மொட்டை மாடியில் ஏற்பாடு. நல்ல வெயில். தகட்டை அந்தப் பெண்தான் மாட்டினாள். காற்று அடிக்கிறது என்று சுற்றிலும் டேப் போட்டு ஒட்டினாள். டைரக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். தூசி படியக் கூடாது என்று தொலைநோக்கிக்கு மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி வைத்தார்கள். நேரலை ஆரம்பித்ததும் துணியை எடுக்க வேண்டியது நான். கடைசி நாளில்லையா, எனக்கும் ஒரு மரியாதை செய்தார்கள்.

எல்லோரும் மேக்கப்புக்குக் கீழே போனபோது நான் துணிக்குள் கையை விட்டு டேப்பைப் பிரித்தேன். நிதானமாகத்தான் பிரித்தேன். பிய்த்துப் போடவில்லை. அடுத்தவர் பொருள் பாருங்கள், பிரித்த டேப்பை வீணாக்காமல் முக்காலியின் காலில் சுற்றி வைத்தேன். அதைத்தான் அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள். தகட்டைத் துணியின் மடிப்புக்குள் செருகிவிட்டேன். துணியை இழுத்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

திட்டப்படி முதலில் பார்க்க வேண்டியவள் அந்தப் பெண். எதிர்காலத்தின் கண் என்று டைரக்டர் ஏதோ வசனம் எழுதியிருந்தார். அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கண் கொஞ்சம் கூசும், பயந்துகொண்டு படிப்பைப் பார்க்கப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கண் போய்விடும் என்பது தெரிந்தும் எப்படி அப்படி நினைத்தேன் என்கிறீர்கள். நல்ல கேள்வி. உங்களுக்கு இந்தத் தொழில் நன்றாக வருகிறது.

சிவப்பு விளக்கு எரிந்தது. துணியை எடுத்தேன். கேமரா அத்தானின் முகத்தில் இருந்தது. அந்தப் பெண் குனியப் போனாள். அப்போது அத்தான் அவள் தோளை லேசாகப் பிடித்து நிறுத்தி, “இரும்மா, ஒரே ஒரு தடவ நான் மொதல்ல பாத்துக்கறேன். இந்த ஆச மட்டும் எனக்கு இன்னும் விடல” என்றார். சின்னப் பையனைப் போல அசடு வழியச் சிரித்தார். சட்டையை ஒதுக்கிக்கொண்டு, வலது கண்ணை வைக்கக் குனிந்தார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் நேரலையில் அவர் பேசி முடிக்காமல் நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது முதல் நாளே அவர் போட்ட சட்டம். நான் அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

அவர் கத்தவில்லை. நிமிரவும் இல்லை. “மாப்ள, என்ன இது, இவ்ளோ வெளிச்சமா இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

கேமராவுக்கு முன்னால் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“சூரியனாச்சே அத்தான்” என்றேன்.

அந்தப் பெண்தான் அவரைப் பிடித்து இழுத்தாள். அதன் பிறகு நடந்ததை உங்கள் அம்மா பார்த்திருப்பார். காற்றில் தகடு விழுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம், அன்றைக்கு நல்ல காற்று என்றேன். அந்த வலது கண்ணில் இப்போது நடுவில் ஒரு கரும்புள்ளிதான் தெரிகிறதாம். எதைப் பார்த்தாலும் அந்தப் புள்ளி முன்னால் வந்து நிற்கிறதாம். இடது கண்ணில் முன்பிருந்தே கண் அழுத்தம், அதில் எல்லாம் நிழலாகத்தான் தெரியும்.

அத்தானை நான் கைவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் எங்கே போனாலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். சேனல்காரர்கள் பழைய நிகழ்ச்சிகளை மறுபடி போடுகிறார்கள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் தெரிவதையெல்லாம் சொல்கிறேன்.

“இப்ப என்ன காட்டறாங்க?” என்பார்.

“நிலா அத்தான்.”

“முழுசா, பாதியா?”

“பாதி. நீங்க அதப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கீங்க.”

“நல்லா சொல்றனா?”

“பிரமாதமா சொல்றீங்க.”

ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்கிறார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறார். சில நாள் திரையில் இல்லாத வால்நட்சத்திரங்களைக்கூட வரவழைத்துக் காட்டியிருக்கிறேன். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “ஒங்க ரெண்டு பேரையும் இவ்வளவு ஒத்துமையா நான் பாத்ததே இல்லடா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன வாரம் அந்தப் பெண் போன் பண்ணினாள். அத்தான் வெகு நேரம் பேசினார். “இன்னொரு கண்ணு இருக்கும்மா. அதுல பிரஷர் இருக்கு, ஆனா மருந்த விடாம போட்டா காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நீ தைரியமா இரு. கொஞ்சம் தேறினதும் நாம ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சுடலாம்” என்றார். நாம ரெண்டு பேரும் என்றார், மேடம். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். அவருக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரம் ஆகிவிட்டது. அக்காவுக்குக் கை நடுங்கும், அதனால் என்னைத் தவிர யாரையும் அவர் கண்ணைத் தொட விடமாட்டார். இமையைப் பிடித்துக்கொண்டு, மேலே பாருங்கள் அத்தான் என்பேன், பார்ப்பார்.

மருந்து என்றா சொன்னேன்? வாய்தவறி வந்துவிட்டது. அந்தப் போன் வந்த நாளிலிருந்து புட்டியில் இருப்பது தண்ணீர்தான். கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். அவர் கண்ணுக்கு ஏதாவது வந்துவிடக் கூடாது பாருங்கள்.